பொருந்தாத வரி எங்கே போகிறது?

உங்கள் கைபேசியில் வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'அம்மா', 'கேஸ் ஏஜென்சி', 'பால்காரர்' என்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். நடுவே ஓரிடத்தில் பெயரில்லாமல் வெறும் எண் மட்டும் இருக்கும். அழைப்பு வந்தபோது கைபேசிக்குக் கிடைத்தது எண்தான். 'அம்மா' என்ற சொல் இருப்பது வேறோர் இடத்தில், நீங்கள் எண்களைச் சேமித்து வைத்திருக்கும் தொடர்புப் பட்டியலில். எண்ணை வைத்து இரண்டு பட்டியல்களையும் பொருத்திப் பார்த்த பிறகே திரையில் பெயர் வருகிறது. பொருத்தம் கிடைக்காத அழைப்பு எண்ணாகவே நின்றுவிடுகிறது.

வங்கிக் கணக்கு விவரம், ரயில் முன்பதிவு, மின்கட்டணம், தேர்வு முடிவு என்று நாம் அன்றாடம் திரையில் பார்க்கும் பலவும் இப்படிப் பொருத்திப் பெற்றவைதான். கணினித் துறையில் இதை 'ஜாயின்' என்கிறார்கள். நாம் இணைப்பு என்போம். பார்வைக்கு எளிய வேலை. ஆனால் இணைத்தபின் எது வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். எது வராமல் போனது என்பது தெரியாது. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிளை நூலகமும் இரண்டு பதிவேடுகளும் போதும்.

நூலகத்தின் முதல் பதிவேடு உறுப்பினர்களுக்கானது. உறுப்பினர் எண், பெயர், முகவரி, கட்டிய காப்புத்தொகை ஆகியவை அதில் உண்டு. இரண்டாவது, இரவல் பதிவேடு. எந்த எண்ணுள்ள உறுப்பினர் எந்த எண்ணுள்ள நூலை எந்தத் தேதியில் எடுத்தார் என்பது அதில் இருக்கும். இத்தகைய பதிவேடுகளைக் கணினியில் ஒழுங்குபடுத்தி வைத்த தொகுப்பே தரவுத்தளம். அதிலுள்ள ஒவ்வொரு பதிவேடும் ஓர் அட்டவணை. அட்டவணையில் குறுக்காகச் செல்வது வரி. ஒரு வரி என்பது ஓர் உறுப்பினர், அல்லது ஓர் இரவல். மேலிருந்து கீழாகச் செல்வது நெடுவரிசை. பெயர் ஒரு நெடுவரிசை, முகவரி இன்னொரு நெடுவரிசை.

இரண்டையும் ஒரே பதிவேடாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் ஒருவர் ஆண்டுக்கு நாற்பது நூல் எடுத்தால் அவர் முகவரியை நாற்பது முறை எழுத வேண்டும். அவர் வீடு மாறினால் நாற்பது இடத்திலும் திருத்த வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால் அவருக்கு இரண்டு முகவரி ஆகிவிடும், எது சரி என்று பதிவேட்டைக் கேட்டால் அதற்குத் தெரியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. இதுவரை ஒரு நூலும் எடுக்காத புதிய உறுப்பினரை அந்த ஒற்றைப் பதிவேட்டில் எழுதவே இடமிருக்காது. ஆகவே ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுதுவது, மற்ற இடங்களில் எண்ணை மட்டும் குறிப்பது என்பது வழக்கமாயிற்று. பிரித்து வைப்பது இதற்காக. பிரித்ததைக் கேள்வி வரும்போது மட்டும் சேர்த்துப் பார்ப்பதே இணைப்பு.

சேர்க்க உதவும் அந்த எண்ணுக்குத் திறவுகோல் என்று பெயர். உறுப்பினர் அட்டவணையில் எண் 101 ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அங்கே அது முதன்மைத் திறவுகோல். இரவல் அட்டவணையில் அதே 101 எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், ஏனென்றால் ஒருவர் பல நூல்களை எடுக்கலாம். அங்கே அது அயல் திறவுகோல். அதாவது, வேறோர் அட்டவணையைச் சுட்டுகிற எண்.

கணினிக்கு முன்பே நூலகங்கள் இந்த வேலையைக் கையால் செய்துவந்தன. இந்திய நூலகங்கள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தது பிரவுன் முறை. உறுப்பினரிடம் ஒரு சிறிய உறை போன்ற சீட்டு இருக்கும். ஒவ்வொரு நூலின் உள்ளேயும் அந்த நூலுக்குரிய அட்டை செருகியிருக்கும். நூலை எடுக்கும்போது நூலகர் அட்டையை உருவி உறுப்பினரின் சீட்டுக்குள் செருகுவார். பிறகு தேதிவாரியாக மரத்தட்டில் அடுக்கிவிடுவார். சீட்டில் ஆள், அட்டையில் நூல். இரண்டும் சேர்ந்த அந்தச் சிறு பொதிதான் இணைக்கப்பட்ட ஒரு வரி. அந்தத் தட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த நூலகர் எல்லாரும் இணைப்பின் விடையைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கணினியில் இதற்குத் தெளிவான அடித்தளம் 1970இல் கிடைத்தது. அதற்கு முன் தரவுகள் கிளை கிளையாகவோ சங்கிலியாகவோ கட்டப்பட்டிருந்தன. அப்பல்லோ நிலாப் பயணத் திட்டத்தின் உதிரிப்பாகக் கணக்குக்காக ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய ஐ.எம்.எஸ். அப்படிப்பட்ட கிளை அமைப்பு. ஒரு செய்தியைப் பெற நிரலாளர் வழியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: இங்கிருந்து அங்கே போ, அங்கிருந்து அடுத்ததற்குப் போ. அமைப்பு மாறினால் நிரலும் உடைந்துவிடும். எட்கர் காட் இங்கிலாந்தில் பிறந்த கணிதர், இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர், ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரை வேறொரு வழியைக் காட்டியது. எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாக வையுங்கள். அட்டவணைகளுக்கிடையே கம்பி எதுவும் கட்ட வேண்டாம். இரண்டிலும் உள்ள பொதுவான மதிப்பே அவற்றைச் சேர்க்கும். இதுதான் அவர் சொன்னதன் சாரம். 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

1974இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இந்த எண்ணத்துக்கு ஒரு மொழியை வகுத்தார்கள். முதலில் 'சீக்வெல்' என்று பெயரிடப்பட்ட அது, வணிகப் பெயர்ச் சிக்கலால் எஸ்.கியூ.எல். ஆனது. 1986இல் அமெரிக்கத் தரமாகவும் அடுத்த ஆண்டு உலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இந்த மொழியில் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியே வினவல். ஐம்பது ஆண்டுகளாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. கணினித் துறையில் இவ்வளவு நீண்ட ஆயுள் அபூர்வம்.

இனி நம் நூலகத்துக்குள் போவோம். பெயர்கள் கற்பனை. உறுப்பினர் அட்டவணையில் நான்கு வரிகள்:

101 – செல்வி – 50 ரூபாய்
102 – அன்வர் – 50 ரூபாய்
103 – ஜோசப் – 50 ரூபாய்
104 – கமலா – 50 ரூபாய்

இரவல் அட்டவணையில் ஐந்து வரிகள். முதலில் இருப்பது உறுப்பினர் எண், அடுத்தது நூல் எண்:

101 – நூல் 12 – ஜூன் 3
101 – நூல் 45 – ஜூன் 3
103 – நூல் 7 – ஜூன் 10
104 – நூல் 31 – ஜூலை 2
107 – நூல் 18 – ஜூலை 5

யார் எந்த நூலை வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். வினவலைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்:

செலக்ட் பெயர், நூல்
ஃப்ரம் உறுப்பினர் ஜாயின் இரவல்
ஆன் உறுப்பினர்.எண் = இரவல்.உறுப்பினர்_எண்

'செலக்ட்' எந்த நெடுவரிசைகள் வேண்டும் என்று சொல்கிறது. 'ஃப்ரம்' எந்த அட்டவணையிலிருந்து என்று சொல்கிறது. 'ஜாயின்' சேரவேண்டிய அட்டவணையைக் குறிக்கிறது. 'ஆன்' என்பதுதான் உயிர்நாடி. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

'ஆன்' நிபந்தனை இல்லாமலே இரண்டு அட்டவணைகளையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது நல்ல பயிற்சி. எந்த நிபந்தனையும் இல்லாததால் ஒவ்வோர் உறுப்பினரும் ஒவ்வோர் இரவலோடும் சேர்ந்துவிடுவார். நான்கை ஐந்தால் பெருக்க, இருபது வரிகள். அன்வர் ஐந்து நூலையும் எடுத்ததுபோல இருக்கும், கமலாவும் ஐந்தையும் எடுத்ததுபோல இருக்கும். கணிதத்தில் இதைக் கார்ட்டீசியன் பெருக்கல் என்பார்கள். இணைப்பு என்பதைக் கருத்தளவில் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். முதலில் எல்லாச் சேர்க்கைகளையும் எழுது, பிறகு நிபந்தனைக்குப் பொருந்தாதவற்றை அடித்துவிடு. இருபதில் எண் ஒத்துப்போகிறவை நான்கு மட்டுமே. செல்வி–12, செல்வி–45, ஜோசப்–7, கமலா–31. இதுதான் விடை.

இந்த விடையை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அன்வர் இல்லை. அவர் நூல் எடுக்கவில்லை, ஆகவே அவருக்குச் சேர வரி இல்லை. நூல் 18உம் இல்லை. அதை எடுத்த 107 என்ற எண் உறுப்பினர் அட்டவணையில் இல்லை. இரண்டும் சத்தமில்லாமல் போய்விட்டன. பிழைச்செய்தி எதுவும் வராது. தரவுத்தளத்தின் பார்வையில் பிழை எதுவும் நடக்கவுமில்லை, ஏனென்றால் கேட்டது 'பொருந்துவதைக் கொடு' என்பதுதான். இந்த வகைக்கு உள் இணைப்பு என்று பெயர். துறையில் 'இன்னர் ஜாயின்' என்பார்கள். வெறுமனே 'ஜாயின்' என்று எழுதினால் கிடைப்பது இதுவே.

பொருந்தாதவர்களும் வேண்டும் என்றால் அதற்கு வெளி இணைப்பு இருக்கிறது. 'லெஃப்ட் ஜாயின்' என்று எழுதினால், இடப்பக்கம் எழுதிய அட்டவணையின் எல்லா வரிகளும் கட்டாயம் வரும். உறுப்பினர் அட்டவணையை இடப்பக்கம் வைத்தால் விடை ஐந்து வரிகள். அன்வரும் வருவார், அவருக்கு நேரே நூல் எண் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும். 'ரைட் ஜாயின்' அதன் மறுபக்கம். நூல் 18 வரும், பெயர் காலியாக இருக்கும். இரு பக்கத்தையும் காப்பாற்றும் 'ஃபுல் ஜாயின்' கேட்டால் ஆறு வரிகள். கைபேசியின் அழைப்புப் பட்டியலை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. அங்கே அழைப்புகள் இடப்பக்கம், பெயர்கள் வலப்பக்கம். பெயர் கிடைக்காத அழைப்பும் தொலைந்துபோவதில்லை. உள் இணைப்பைப் போட்டிருந்தால், சேமிக்காத எண்ணிலிருந்து வந்த அழைப்பு எதுவும் பட்டியலில் இருந்திருக்காது. மருத்துவமனையிலிருந்து முதன்முறையாக வந்த அழைப்பும் அதில் சேர்த்தி.

அந்தக் காலி இடத்துக்கு 'நல்' என்று பெயர். நாம் வெற்று என்போம். வெற்று என்பது பூஜ்யம் அல்ல, காலியான எழுத்துத்தொடரும் அல்ல. 'இங்கே மதிப்பு இல்லை, அல்லது தெரியவில்லை' என்ற குறி. தெரியாத ஒன்றை வேறொன்றோடு ஒப்பிட்டால் விடை 'ஆம்' என்றும் இருக்காது, 'இல்லை' என்றும் இருக்காது. 'தெரியாது' என்பதே விடை. வெற்றும் வெற்றும் சமமா என்று கேட்டாலும் அதே பதில்தான். எஸ்.கியூ.எல். இந்த மூன்று பதில்களோடு வேலை செய்கிறது. வடிகட்டும்போது 'ஆம்' வந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடுகிறது.

அனுபவமுள்ளவர்களும் இடறும் இடம் இது. எல்லா உறுப்பினர்களும் வேண்டும், அவர்கள் ஜூன் மாதத்தில் எடுத்த நூல் இருந்தால் அதுவும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கவனமாக லெஃப்ட் ஜாயின் எழுதுகிறார். அதன்கீழ், வடிகட்டும் பகுதியான 'வேர்' என்பதில் 'தேதி ஜூனுக்குள்' என்று சேர்க்கிறார். அன்வருடைய தேதி வெற்று. அது ஜூனுக்குள் வருமா என்றால் பதில் 'தெரியாது'. அன்வர் வெளியே. ஜூலையில் நூல் எடுத்த கமலாவும் வெளியே. எழுதியது லெஃப்ட் ஜாயின், கிடைத்தது இன்னர் ஜாயின். அந்த நிபந்தனையை 'வேர்' பகுதியிலிருந்து எடுத்து 'ஆன்' பகுதியில் வைத்தால் போதும், நால்வரும் வருவார்கள். ஒரு நிபந்தனையின் இடம் மாறுவதால் ஆட்கள் காணாமல் போவதை நேரில் ஒருமுறை பார்த்தவர் பிறகு மறப்பதில்லை.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. வரிகள் காணாமல் போவதற்குப் பதில் பெருகிவிடுவது. நூலகத்திடம் உள்ள காப்புத்தொகை எவ்வளவு? உறுப்பினர் அட்டவணையை மட்டும் கூட்டினால் 200 ரூபாய். இரவல் அட்டவணையோடு லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டுக் கூட்டினால் 250 ரூபாய். செல்வி இரண்டு நூல் எடுத்ததால் அவர் வரி இரண்டாகிவிட்டது. அவருடைய 50 ரூபாயும் இருமுறை கூடிவிட்டது. இப்போது உள் இணைப்பைச் செய்து கூட்டிப் பாருங்கள். செல்வி இருமுறை, ஜோசப் ஒருமுறை, கமலா ஒருமுறை. மொத்தம் 200 ரூபாய். சரியான விடை! ஆனால் அன்வரின் பணம் அதில் இல்லை, செல்வியின் பணம் இரண்டாக இருக்கிறது. இரு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. தணிக்கையில் மொத்தத்தை மட்டும் பார்ப்பவரால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தொகைகளை இணைப்பதற்கு முன்பே கூட்டி, உறுப்பினருக்கு ஒரு வரி என்று ஆக்கிவிட்டுப் பிறகு இணைப்பதே முறை.

அலுவலகங்களில் எக்செல் வைத்து வேலை செய்பவர்கள் 'வி-லுக்அப்' என்ற சூத்திரத்தை அறிவார்கள். அதுவும் ஒருவகை இணைப்புதான். ஆனால் அது முதலில் பொருந்துகிற ஒன்றை மட்டுமே எடுக்கும். செல்வியின் எண்ணைக் கொடுத்துத் தேடினால் நூல் 12 வரும், நூல் 45 வராது. எனவே அங்கே வரி பெருகாது. ஆனால் இரண்டாவது நூல் தொலைந்துவிடும்.

இத்தனையையும் இயந்திரம் உள்ளே எப்படிச் செய்கிறது? நான்கு பேருக்கும் ஐந்து இரவலுக்கும் இருபது ஒப்பீடு செய்வது ஒன்றுமில்லை. 10,000 உறுப்பினர்களும் ஒரு லட்சம் இரவல்களும் இருந்தால் ஒப்பீடுகள் 100 கோடி. ஆகவே ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிடும் வழியை இயந்திரம் கூடியவரை தவிர்க்கிறது. முக்கியமான மாற்று வழிகள் மூன்று.

முதல் வழி, அகரவரிசைச் சொல்லடைவு போன்ற ஒன்றை முன்கூட்டியே கட்டிவைப்பது. துறையில் இதை 'இன்டெக்ஸ்' என்பார்கள். அகராதியில் சொல் தேடும்போது முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. நடுவில் திறக்கிறோம், முன்னா பின்னா என்று பார்க்கிறோம், மீண்டும் பாதியாக்குகிறோம். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 10,000 பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் 14 படிகள் போதும். ஒரு லட்சம் இரவலுக்கும் சேர்த்து 14 லட்சம். 100 கோடியோடு ஒப்பிட்டால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இரண்டாவது வழி, இரு பட்டியல்களையும் எண் வரிசையில் அடுக்கிவிட்டு இரு கைவிரல்களை இரண்டின்மீதும் வைத்து ஒரே ஓட்டமாகக் கீழே இறங்குவது. விடைத்தாள்களையும் பெயர்ப் பட்டியலையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு மதிப்பெண் ஏற்றும் ஆசிரியர் செய்வது இதுதான். மூன்றாவது, தபால் பிரிக்கும் அறையின் வழி. உறுப்பினர்களை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து நூறு பெட்டிகளில் போட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வோர் இரவலுக்கும் அதற்குரிய ஒரு பெட்டியை மட்டும் பார்த்தால் போதும். இதற்கு 'ஹாஷ் ஜாயின்' என்று பெயர். பெட்டிகளைக் கூட்டினால் ஒவ்வொரு பெட்டியிலும் தேட வேண்டியது குறையும்.

எந்த வழியில் போவது என்பதை வினவல் எழுதுபவர் சொல்வதில்லை. தரவுத்தளமே முடிவு செய்கிறது. அட்டவணைகள் எவ்வளவு பெரியவை, இன்டெக்ஸ் இருக்கிறதா, எத்தனை வரிகள் பொருந்தக்கூடும் என்றெல்லாம் மதிப்பிட்டு, செலவு குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது. இப்படித் தேர்ந்தெடுக்கும் முறையை ஐ.பி.எம்.மின் பட்ரீசியா செலிஞ்சரும் உடன் பணியாற்றியவர்களும் 1979இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். இன்றைய தரவுத்தளங்கள் பலவும் அந்தத் தடத்தில்தான் நடக்கின்றன. என்ன வேண்டும் என்று மனிதர் சொன்னால் போதும், எப்படி என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற எட்கர் காட்டின் எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் 'எப்படி' என்பதைத்தான் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. 'என்ன' என்பது இன்னும் கேட்பவரின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் மிகக் கனமானது திறவுகோலைத் தேர்வது. எண் இருந்தால் வேலை எளிது. அப்போதும் ஒரு கைபேசி எண்ணை ஒருவர் முன்னால் பூஜ்யம் போட்டு எழுதுவார், இன்னொருவர் +91 சேர்த்து எழுதுவார், மூன்றாமவர் நடுவில் இடம்விட்டு எழுதுவார். மனிதருக்கு மூன்றும் ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரத்துக்கு மூன்றும் வேறு. எண் இல்லாமல் பெயரை வைத்து இணைக்கப் போனால் நிலைமை இன்னும் கடினம், தமிழ்ப் பெயர்களில் மிகக் கடினம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். அது ஒரு பட்டியலில் பெயருக்கு முன் வரும், இன்னொன்றில் பின் வரும், வேறொன்றில் தந்தையின் முழுப்பெயராக விரியும். லட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். ஆதாரிலும் பான் அட்டையிலும் பெயர் ஒத்துப்போகாமல் அலைந்தவர்கள் நம் எல்லார் வீட்டுப் பக்கத்திலும் இருப்பார்கள்.

தமிழ் எழுத்திலேயே வைத்தால் தீர்ந்ததா என்றால், அங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. உள்ளே முதலாவதற்கு இரண்டு குறியெண்கள், அடுத்ததற்கு மூன்று. ஒரு பட்டியலில் முதல் விதமாகவும் மறு பட்டியலில் இரண்டாம் விதமாகவும் 'கொடைக்கானல்' இருந்தால், குறியெண்களை அப்படியே ஒப்பிடும் தரவுத்தளத்தில் இரண்டும் பொருந்தாது. யூனிகோடு தரத்தில் இதைச் சீராக்க வழி உண்டு, இணைப்பதற்கு முன் அதைச் செய்ய வேண்டும். ஆனால் 'ஔவை' என்பதை 'ஒ'வும் 'ள'வும் அடுத்தடுத்துத் தட்டி எழுதிவிட்டால் அந்தச் சீராக்கமும் உதவாது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தாலும் தரத்தின்படி அவை வேறு எழுத்துகள். கண்ணால் பார்த்துச் சரியென்று சொன்ன பட்டியல் இயந்திரத்தில் பொருந்தாமல் போவதற்கு இப்படிப்பட்ட காரணங்களும் உண்டு. தமிழில் தரவு சேகரிப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

நூலகத்தில் ஒரு வரி பொருந்தாவிட்டால் ஒரு நூல்தான் போகும். ஓய்வூதியம், உதவித்தொகை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவையும் பட்டியலோடு பட்டியலைப் பொருத்தித்தான் நடக்கின்றன. அங்கே பொருந்தாத வரி ஒரு மனிதர். பொருத்திப் பார்ப்பதே கூடாது என்று சொல்வது சரியாகாது. ஒரே ஆள் இருமுறை பெறுவதையும் இறந்தவர் பெயரில் பணம் போவதையும் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் பொருந்தவில்லை என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: இரண்டு இடத்திலும் எழுதியிருப்பது ஒன்றாக இல்லை. அந்த ஆள் இல்லை என்றோ தகுதியற்றவர் என்றோ அதற்குப் பொருள் கிடையாது.

இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பாருங்கள் என்பது வழக்கமான அறிவுரை. நல்ல அறிவுரைதான், ஆனால் போதாது. நம் நூலகத்தில் உறுப்பினர் நான்கு, உள் இணைப்பின் விடையும் நான்கு. எண்ணிப் பார்த்தவர் எல்லாம் சரி என்று கோப்பை மூடியிருப்பார், அன்வர் இல்லாமலே.

ஆகவே இரண்டு பட்டியல்களை இணைக்கும் வேலை உங்கள் கைக்கு வந்தால், பொருந்தியதை எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். பொருந்தாததையும் தனியே ஒரு பட்டியலாக எடுங்கள். லெஃப்ட் ஜாயின் செய்து, வலப்பக்கம் வெற்றாக இருக்கும் வரிகளை மட்டும் கேட்டால் அது கிடைக்கும். இரு திசையிலும் ஒருமுறை செய்யுங்கள். வருவது பெரும்பாலும் சிறிய பட்டியலாகத்தான் இருக்கும். நம் நூலகத்தில் இரண்டே வரி: அன்வர், 107. அன்வர் நூல் எடுக்காத உறுப்பினர், அவ்வளவுதான். 107 யார் என்பதைக் கணினி சொல்லாது. அவசரத்தில் எழுதிய 101இன் கடைசி ஒன்று ஏழுபோலத் தெரிந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் எழுந்துபோய் ஜூலை 5ஆம் தேதிப் பதிவேட்டைத் திறந்து கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.